உருண்டை, பெட்டி, மூக்கன்

ஆடி பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் வாசலில் கார் நிற்க வேண்டும் என்று வேலுச்சாமி சொல்லிவிட்டார். வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கம்பத்தில் இருக்கும் சம்பந்திக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் மருமகள் பவானிக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் தாய்வீட்டார் வந்து பெண்ணைக் கூட்டிப் போவதுதான் வழக்கம். வேலுச்சாமி அதை மாற்றினார்.

“நீங்க வண்டி எதுவும் கொண்டார வேணாம் சம்பந்தி. எங்க வீட்டுப் புள்ள எங்க கார்லதான் அங்கன வந்து எறங்கும். எம்மகன் ஓட்டியாருவான்.”

அந்த மகன் சசிதரன் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். வாயில் வைத்தது உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.

அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

லைசென்ஸ் இருக்கிறது. ஏழு வருஷமாகப் பர்ஸில் இருக்கிறது. தேனியில் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் பதினைந்து நாள் போனான். ஒரு காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார் ராக்கையா மாஸ்டர். பதினாலு நாள் வீரபாண்டி வரைக்கும் சசிதரன் அருமையாக ஓட்டினான். தனக்கு இது கைவந்துவிட்டது என்றே நினைத்தான். பதினைந்தாம் நாள் மாஸ்டருக்கு ஒரு போன் வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. பேச்சு சுவாரசியத்தில் அவர் காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். உடனே வண்டி ரெண்டு துள்ளுத் துள்ளி, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வைக்கோல் படப்பில் முட்டி நின்றது. அப்போதுதான் சசிதரன் குனிந்து பார்த்தான். மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. பதினாலு நாளும் வண்டியை ஓட்டியது அவருடைய கால். இவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்த்திருக்கிறான்.

டெஸ்ட் அன்றைக்கும் அதே வண்டி, பக்கத்தில் அதே மாஸ்டர். லைசென்ஸ் தபாலில் வந்தது. அம்மா பஞ்சம்மாள் அதை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே ஒரு நாள் வைத்தாள். அப்பா வாழைத்தோப்பு ஆட்களிடம் சொன்னார். கல்யாணப் பேச்சில் தரகர் இன்னும் ஒரு படி மேலே போய், மாப்பிள்ளை மதுரைக்கும் திருச்சிக்கும் சர்வசாதாரணமாக ஓட்டுவார் என்று அளந்துவிட்டார். பெண் வீடு டிரைவர் வீடு. பவானியின் அப்பா சண்முகராஜ், கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை முப்பது வருஷமாக ஓட்டுகிறவர். அப்ப நம்ம ஆளுதான் என்று அவர் சசிதரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கைக்குள் இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல சசிதரனுக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாதது, பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துப்போனது.

செவ்வாழை நல்ல விலைக்குப் போன வருஷம் இது. சின்னதாக, அதிகம் செலவு வைக்காத ஒரு கார் எடுப்போம் என்று அப்பா பேச்செடுத்து ரெண்டு மாசம் ஆகிவிட்டது. அந்த ரெண்டு மாசத்தில் சசிதரன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். எந்தக் கார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் யாரும் அவனை ஓட்டச் சொல்ல மாட்டார்கள். எனவே அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மில் டெஸ்பாட்ச் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டான். மைலேஜ் ஒரு கட்டம், தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள உயரம் ஒரு கட்டம், டிக்கியின் கொள்ளளவு, ஏர்பேக் எத்தனை, மோதிப் பார்த்த சோதனையில் எத்தனை நட்சத்திரம், சர்வீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கட்டம் இருபத்திரண்டு ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் கேன்டீனில் உட்கார்ந்து யாரோ ஒருவர் கார் கதவைத் திறந்து மூடிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து ஒரு கட்டத்தை அழித்து வேறொன்று எழுதினான். படித்த பிள்ளை தரம் பார்க்கிறான் என்று வேலுச்சாமிக்குப் பெருமை.

பஞ்சம்மாளுக்குக் கார்களின் பெயர் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்தாள். குண்டாக, வழவழவென்று இருந்தது உருண்டை. உயரமாக, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது பெட்டி. முன்பக்கம் நீண்டு, பின்னால் டிக்கியும் நீண்டிருந்தது மூக்கன். ரெண்டே வாரத்தில் வீட்டில் எல்லாரும் அந்தப் பெயரிலேயே பேச ஆரம்பித்தார்கள். தேனி ஷோரூமில் விற்பனை பார்க்கும் விஜய்பாண்டிகூட ஒரு நாள் போனில் வாய்தவறி, மூக்கனுக்கு ஆஃபர் வந்திருக்கு சார் என்றான்.

உருண்டை முடிவாகும் போலிருந்தது. லிட்டருக்கு நல்ல கிலோமீட்டர் கொடுத்தது. வாய்க்கால் கரையில் தோப்புக்குப் போகும் பாதையில் அதன் அடிவயிறு தட்டும் என்றான் சசிதரன். வேலுச்சாமி ஒரு குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு போய், பாதையின் நடுமேட்டை அளந்து வந்து, ஆமா தட்டும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு பெட்டிக்கு வந்தார்கள். முழங்கால் வலிக்காரியான பஞ்சம்மாளுக்கு ஏறி இறங்க அதுதான் வசதி. உயரமான லேசான வண்டியை நம்ம பக்கத்து ஆனி ஆடிக் காற்று ஆட்டிவிடும் என்றான். காற்று என்ற சொல்லைக் கேட்டால் வாழை வைத்திருக்கிறவர் நடுங்கத்தான் செய்வார். போன வருஷம் முட்டுக்கொடுத்த வாழையிலேயே நூற்றைம்பது சாய்ந்திருந்தது. சரி, மூக்கன் என்றார். அதன் நீளத்துக்கு நம் சந்து முனையில் திரும்பாது என்றான். அப்பாவும் மகனும் ஒரு கயிற்றை மூக்கனின் நீளத்துக்கு அளந்து வெட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சந்து முனையில் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியது. ஆனாலும் எதிர்வீட்டுக்காரர் பைக்கை வெளியே நிறுத்தினால் திரும்பாது என்றான் சசிதரன். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பவானி சிரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தக் கட்டத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுல எதுங்க ஓட்ட லேசா இருக்கும்?”

“எல்லாம் ஒன்னுதான்.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ‘அப்படியா’ அவனை ரெண்டு நாள் குடைந்தது. வண்டியின் இருபத்திரண்டு குணத்தை எழுதியவன், ஓட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கட்டம்கூட எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பைக்கில் மில்லுக்குப் போகும்போது எதிரே வரும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுகிறவன் முகத்தையே பார்த்தான். கிழவர்கள் ஓட்டினார்கள். காதில் போனை இடுக்கிக்கொண்டு ஓட்டினார்கள். வளைகாப்பு அன்றைக்கு உத்தமபாளையம் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு வரும். இருபது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் ஏழு மாச வயிற்றோடு பவானி இருப்பாள். நினைத்ததும் பைக்கின் வேகத்தைக் குறைத்தான்.

யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துப் பழகிவிடலாம் என்று, மில்லில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பெரியகுளத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். முதல் ரெண்டு நாளும் மாஸ்டரின் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். மூன்றாம் நாள், நீங்கள் காலை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி எடுக்கவைத்தான். வண்டி ஜெயமங்கலம் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே செத்து நின்றது. பின்னால் கரும்பு டிராக்டர்காரன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். அது போதாதென்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட மாமன் மகள் ஹேமாவதி. அவன் வீடு வந்து சேருமுன் அவளுடைய போன் வந்து சேர்ந்திருந்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் வாசலில் பைக்கை நிறுத்தினான். பஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஏலே, எல் போர்டு வண்டியில போனியாமே. ஹேமா சொன்னா.”

அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வேலுச்சாமி பதில் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் வண்டி தினமும் ஆயிரம் பேர் மிதிக்கிற வண்டி, அதுவே தாங்கினால் அந்தக் கம்பெனி வண்டியை நம்பி எடுக்கலாம், அதைத்தான் பையன் ஓட்டிப் பார்த்திருக்கிறான், இந்த யோசனை எவனுக்கு வரும் என்றார். அதை அன்றைக்கே ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். சசிதரன் நின்ற இடத்திலேயே நின்றான். தப்பித்தோம் என்று இருந்தது. தப்பித்தது பிடிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஸ்கூல் பக்கமே போகவில்லை.

ஆடிக்கு எட்டு நாள் இருக்கும்போது வேலுச்சாமியின் பொறுமை தீர்ந்தது. எழுதிப் பார்த்தது போதும், ஏறிப் பார்ப்போம் என்று அவரே விஜய்பாண்டிக்குப் போன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி வாசலில் வந்து நின்றது. மேகமலைக்கு ஏறுகிற ரோட்டில் அடிவாரத்துச் செக்போஸ்ட் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். வெறும் வண்டியில் போனால் எதுவும் தெரியாது என்று ரெண்டு செவ்வாழைத் தாரை டிக்கியில் ஏற்றினார் வேலுச்சாமி. பஞ்சம்மாள் நல்ல சேலை கட்டி வந்தாள்.

பவானியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் சசிதரன் அவளை மறித்தான். நீ வேண்டாம், குலுங்கும் என்றான்.

“வளகாப்பு அன்னைக்கு மட்டும் குலுங்காதா?” என்றார் வேலுச்சாமி. “நீ ஏறு ஆத்தா. இன்னைக்கே பாத்துக்கிருவோம்.”

அவள் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விஜய்பாண்டி லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். சசிதரன் வண்டியைச் சுற்றி வந்தான். டயர் அளவைக் கேட்டான். ஸ்டெப்னியும் அதே அளவா என்று கேட்டான். பானெட்டைத் திறக்கச் சொன்னான். இதெல்லாம் நேற்றே கேட்டீர்கள் சார் என்று விஜய்பாண்டி மெல்லச் சொன்னான்.

“ஏலே, பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா சுத்திச் சுத்தி வாராத. ஏறு” என்றார் பின்சீட்டிலிருந்து வேலுச்சாமி.

ஏறினான். பக்கத்தில் விஜய்பாண்டி உட்கார்ந்ததும் சீட்டை முன்னால் இழுத்தான், பின்னால் தள்ளினான். கண்ணாடியைச் சரிசெய்தபோது அதில் பவானி தெரிந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. இன்னொரு கை கதவுக் கைப்பிடியில் இருந்தது. அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பினான். கிளட்ச்சை அமுக்கி கியர் போட்டான். காலை எடுத்தான். பெட்டி ஒரே ஒரு துள்ளுத் துள்ளிச் செத்தது. டிக்கியில் வாழைத்தார் உருண்டது. பஞ்சம்மாளின் நெற்றி முன்சீட்டில் இடித்தது.

“புது வண்டில்ல, பிடிபடல” என்றார் வேலுச்சாமி.

இந்த மாடலில் கிளட்ச் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும் சார், எல்லா கஸ்டமருக்கும் முதல் தடவை இப்படித்தான் என்றான் விஜய்பாண்டி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பஞ்சம்மாளும், எதிர்க்காத்து அடிக்குதுல்ல என்றாள். ஆளுக்கொரு சாக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார்கள். எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பலாம். சந்து முனையைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் எப்படியாவது ரெண்டாவது கியரிலேயே போய்த் திரும்பிவிடலாம். நிஜமாகவே ஒரு நிமிஷம் அப்படி நினைத்தான்.

கண்ணாடியைப் பார்த்தான். வயிற்றின் மேல் இருந்த கை அப்படியே இருந்தது.

சாவியை உருவி எடுத்தான்.

“எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா.”

“இந்த வண்டி தெரியாது. அதான் சொல்றாரே அந்தத் தம்பி, மொதத் தடவன்னு.”

“எந்த வண்டியும் தெரியாது.”

வெளியே காற்று வாசல் கொட்டகைக் கீற்றைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விஜய்பாண்டி தன் போனை எடுத்து அதில் இல்லாத எதையோ தேடினான். ஜெயமங்கலத்தில் ஹேமா பார்த்தாளே என்று பஞ்சம்மாள் கேட்டாள். பழகப் போனேன் என்றான். மூணு நாள்.

“அப்ப லைசென்ஸு?” என்றார் வேலுச்சாமி.

“அது இருக்குப்பா.”

வேலுச்சாமி கதவைத் திறந்து இறங்கினார். டிக்கியைத் திறந்து ஒரு தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். கிளட்ச்சே இல்லாத மாடலும் இருக்கிறது, ஆடிக்கு முன்னால் புக் பண்ணினால் ஒரு சலுகை உண்டு என்று விஜய்பாண்டி மெதுவாக ஆரம்பித்தான். நீ போயிட்டு வாப்பா என்று பஞ்சம்மாள் அவனுக்கு நாலு பழத்தைப் பிய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்குள் சசிதரன் நடந்துகொண்டே இருந்தான். அடுக்களைக்குப் போனான், வாசலுக்கு வந்தான். பவானிதான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தனக்கு முன்பே தெரியும் என்றாள்.

“எப்ப இருந்து?”

“கல்யாணமாகி ரெண்டாம் மாசம். பஸ்ல முன்சீட்ல உக்காந்து மதுரைக்குப் போனோம்ல. டிரைவர் பிரேக் போடுறப்பல்லாம் எங்காலு தன்னால தரையை அமுக்கும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான், எங்கண்ணனுக்கும் அப்படித்தான். உங்க காலு சும்மா கெடந்துச்சு.”

“அப்பவே கேட்டிருக்கலாம்ல.”

“நீங்களே சொல்லுவீகன்னு பாத்தேன்.” அவன் கையை விட்டாள். “இன்னைக்கு ரெண்டாந்தடவ சாவியத் திருப்பியிருந்தீகன்னா எறங்கியிருப்பேங்க. பொறவு உங்க கூட எந்த வண்டியிலயும் ஏறியிருக்க மாட்டேன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

வேலுச்சாமி நிலைப்படியில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“வண்டி கொண்டாராதீகன்னு சம்பந்திகிட்ட அடிச்சுச் சொன்னவன் நான். இப்ப கொண்டாங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல? நீ சொல்லு. இங்கனயே, எம் முன்னாடியே சொல்லு.”

சசிதரன் போன் போட்டான். சண்முகராஜ் ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். இரும்புச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. வளைகாப்புக்கு நீங்களே வண்டி கொண்டுவந்துவிடுங்கள் மாமா என்றான் சசிதரன்.

“ஏன் மாப்ள, காரு அமையலையா?”

அமையவில்லை என்ற ஒரு சொல் போதும். ரெண்டு மாசமாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் காலம் ஓட்டியிருந்தான். அப்பா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரு மூணு இருக்கு மாமா. எனக்குத்தான் ஓட்டத் தெரியாது.”

இரும்புச் சத்தம் நின்றது.

“தெரியாதுன்னா? விட்டுப்போச்சா?”

“பழகவே இல்ல மாமா.”

அந்தப் பக்கம் அவர் தவழ்ந்து வெளியே வருவது கேட்டது. எழுந்து உட்கார்ந்திருப்பார்.

“கல்யாணத்துக்கு மறுநாள் ஜீப் சாவியக் குடுத்து, ஒரு சுத்து போயிட்டு வாங்கன்னேன். காலு சுளுக்குன்னீக.”

“ஆமா மாமா.”

“எங்க வீட்டம்மா வெந்நி வச்சு, எண்ண தேச்சு, ரெண்டு நாளு நீவி விட்டா.”

“ஆமா மாமா.”

சசிதரன் போனைக் காதில் அழுத்திக்கொண்டான்.

“ஓட்டத் தெரியாம எத வச்சு மாப்ள மூணு வண்டியில நல்லது கெட்டது பாத்தீக?”

“தாள்ல கட்டம் போட்டு மாமா.”

சண்முகராஜ் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. பிறகு வேலை பழக வந்த பையனிடம் பேசுவதுபோல் பேசினார். வளைகாப்புக்குத் தானே வந்து மகளைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். பிரசவம் வரைக்கும் பவானி கம்பத்தில்தானே இருக்கும், பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் மூணு மணி நேரம் ஜீப்பில் பழகட்டும் என்றார். அதுவரை உருண்டையோ பெட்டியோ எதற்கும் முன்பணம் கட்டக் கூடாது. அந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது சசிதரனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எம்மகளக் கேட்டுட்டு ஏத்துங்க மாப்ள. அது ஏறுறேன்னு சொன்னாத்தான் உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு அர்த்தம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சசிதரன் போனைக் கீழே வைத்தான்.

“என்ன சொன்னாக?” என்றார் வேலுச்சாமி.

“ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம வரச் சொன்னாகப்பா. ஜீப்புல பழக.”

“நானும் வாரேன்.”

“நீங்க எதுக்குப்பா?”

“ஏழு வருசம் ஒரு அட்டைய நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இனி எங்கண்ணால பாத்தாத்தான். பின்னாடி உக்காந்துக்கிறேன்.”

பவானி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“வேணாம் மாமா. எங்கப்பா வண்டி பழக்குறப்ப வாயி சும்மா இருக்காது. கேக்க முடியாத பேச்சாத்தான் வரும்.”

“அதக் கேக்கத்தான் ஆத்தா வாரேன்” என்றார் வேலுச்சாமி.